அட்டாஷேயின் கடிகாரம்: மான்டிவிடியோ முதல் புவனோஸ் அயர்ஸ் வரை

முதல் நாள் – மான்டிவிடியோ துறைமுகம்

துறைமுக வாசல் பக்கம் துருவேறிய இரும்புக் கூடு ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு நிற்பது போன்ற வடிவம். விவரம் தெரியாதவர்கள் பழைய கிரேனின் தலை என்று நினைத்துக் கடந்துவிடலாம். 1939 டிசம்பரில் அடிபட்டு, உருகுவேயின் தலைநகரான இந்த ஊரின் துறைமுகத்துக்குள் ஒதுங்கிய 'அட்மிரல் கிராஃப் ஸ்பே' என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் தூரமானி இது. 2004-இல் சேற்றிலிருந்து தூக்கினார்கள். எடை 27 டன்.

இரண்டு கைகளின் நுனியிலும் ஒவ்வொரு கண்ணாடி, நடுவில் பத்தரை மீட்டர் இடைவெளி. மையத்தில் உட்கார்ந்திருப்பவர் இரு நுனியிலிருந்தும் வரும் பிம்பங்களைத் திருகித் திருகி ஒன்றாகப் பொருத்துவார். எவ்வளவு திருகினார் என்ற கோணத்திலிருந்து எதிரிக் கப்பலின் தூரம் தெரியும். கை நீளமாக நீளமாகத் துல்லியம் கூடும். இதன் உச்சியில்தான் ரேடாரின் ஆன்டெனாவும் இருந்தது. மெத்தைச் சட்டம் மாதிரி ஒரு பொருள். அதன் கதை ஆறாம் நாளில் வரும்.

ஸ்பே என்ற பெயரோடு நமக்கு ஒரு பழைய பாக்கி உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன், வைஸ் அட்மிரல் மாக்சிமிலியன் வான் ஸ்பேயின் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். எம்டனை அனுப்பியவரோ அதே ஆண்டு டிசம்பர் 8-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே தன் கப்பலோடு மூழ்கினார். 25 ஆண்டும் சில நாட்களும் கழித்து, அதே தென் அட்லாண்டிக்கில் அவர் பெயர் தாங்கிய கப்பலின் முறை.

சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1939 டிசம்பர் 13 காலை ஆறு மணி தாண்டியதும், லா பிளாட்டா முகத்துவாரத்துக்கு வெளியே எக்ஸிடர், அஜாக்ஸ், அக்கிலீஸ் என்ற பிரிட்டிஷ் தரப்பின் மூன்று குரூசர்கள் (நடுத்தரப் போர்க்கப்பல்கள்) கிராஃப் ஸ்பேயைச் சந்தித்தன. எக்ஸிடர் சின்னாபின்னமாகி ஃபாக்லாந்துக்குத் திரும்பியது. கிராஃப் ஸ்பேயில் 36 பேர் இறந்தார்கள். முன்பக்கத்தில் ஓட்டை, சமையலறை காலி. கேப்டன் ஹான்ஸ் லாங்ஸ்டார்ஃப் நள்ளிரவை ஒட்டி மான்டிவிடியோவில் நங்கூரம் போட்டார். மீதி இரண்டு குரூசர்களும் வெளியே காத்து நின்றன.

போர்க்கப்பல் நடுநிலை நாட்டின் துறைமுகத்துக்குள் நுழைந்த நொடியில் பீரங்கிக்கு வாய் கட்டிவிடுகிறது. பிறகு பேசவேண்டியது தூதரகம். அங்கே கப்பல் பாஷை தெரிந்தவர் நேவல் அட்டாஷே. இந்தப் பயணம் அவருடைய வேலையைப் பார்ப்பதற்காக. கடற்படை அதிகாரி ஒருவர் தூதராக உட்காரும்போது நாள் முழுக்க என்னதான் செய்கிறார் என்பதற்கு இந்த ஊரில் நடந்த நான்கு நாட்களைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது சிரமம்.

ஒரு விஷயத்தை முதலில் கவனியுங்கள். பிரிட்டிஷ் அட்டாஷே ஹென்றி மக்கால் இந்த ஊரில் இல்லை. அவருடைய இருக்கை லா பிளாட்டா ஆற்றின் மறுகரையில், அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் அயர்ஸில். உருகுவேயும் அவர் பொறுப்பில்தான். ஜெர்மன் அட்டாஷே டீட்ரிஷ் நீபுருக்கும் அலுவலகம் புவனோஸ் அயர்ஸ்தான். ஒரே அதிகாரி இரண்டு மூன்று நாடுகளுக்கு நியமனம் பெறுவது இன்றும் சாதாரணம், அதன் கோளாறும் இதுவேதான்: சம்பவம் எப்போதும் நீங்கள் இல்லாத தலைநகரில் நடக்கும். இருக்கும் ஊரில் நூறு பேரைத் தெரிந்திருக்கும், பக்கத்து நாட்டில் பத்துப் பேர்கூடத் தேறாது.

இரண்டாம் நாள் – பழைய நகரம்

சியுடாட் வியேகா என்ற பழைய நகரப் பகுதி முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். துறைமுகமும் அரசாங்கமும் கூப்பிடு தூரத்தில். அந்த நான்கு நாட்கள் அவ்வளவு வேகமாக நகர்ந்ததற்கு ஊரின் அளவும் ஒரு காரணம்.

கையில் வைத்திருக்கவேண்டிய தாள் ஒன்றுதான்: 1907-இன் 13-ஆம் ஹேக் உடன்படிக்கை. கடற்போரில் நடுநிலை நாடுகளின் உரிமைகளும் கடமைகளும். இதில் ஐந்தாறு பிரிவுகள் தெரிந்தால் போதும், மொத்த நாடகமும் புரியும்.

பிரிவு 12: அந்த நாட்டின் சட்டம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், போரிடும் நாட்டின் போர்க்கப்பல் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது. பிரிவு 14: சேதமோ மோசமான வானிலையோ இருந்தால் மட்டும் நீட்டிப்பு. பிரிவு 17: கடலில் பத்திரமாகப் போகத் தேவையான பழுதை மட்டும் பார்க்கலாம், சண்டைத் திறனைக் கூட்டும் எதையும் தொடக்கூடாது. என்ன பழுது என்பதைத் தீர்மானிப்பது அந்த நாட்டு அதிகாரிகள். பிரிவு 19: எரிபொருள், சொந்த நாட்டின் மிக அருகிலுள்ள துறைமுகம் வரை போகும் அளவுக்கு. பிரிவு 24: போகச் சொல்லியும் போகாவிட்டால், போர் முடியும்வரை கப்பலைக் கடலுக்குப் போகமுடியாதபடி முடக்கலாம்.

கடைசியாக பிரிவு 16. எதிரி நாட்டுக் கொடி கட்டிய வணிகக் கப்பல் ஒன்று துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால், அது கிளம்பி 24 மணி நேரம் ஆகும்வரை போர்க்கப்பல் நகரக்கூடாது. ஓடும் ஆட்டைப் புலி துரத்தாமல் இருக்கப் போட்ட விதி. மான்டிவிடியோவில் ஆடு புலியைக் கட்டிப்போட்டது.

நடந்தது இதுதான். பிரிட்டிஷ் தரப்பு முதலில் புத்தகத்தில் இருப்பதைக் கேட்டது: 24 மணி நேரத்தில் வெளியேற்றுங்கள். கேட்ட பிறகுதான் கணக்கு உறைத்தது. வெளியே நிற்பது அடிபட்ட இரண்டு சிறிய குரூசர்கள். ஃபாக்லாந்திலிருந்து கம்பர்லாண்ட் என்ற இன்னொரு குரூசர் 14-ஆம் தேதி இரவுதான் வந்து சேர்ந்தது. விமானந்தாங்கி ஆர்க் ராயலும் பெரிய போர்க்கப்பல் ரினவுனும் ஆயிரம் மைலுக்கு அப்பால். கிராஃப் ஸ்பே உடனே கிளம்பினால் தப்பித்துவிடும். கேட்டதை வாபஸ் வாங்கினால் குட்டு வெளிப்படும். ஆகவே வாயால் "வெளியேற்றுங்கள்" என்று சொல்லிக்கொண்டே, கையால் தாமதப்படுத்தவேண்டிய நிலை.

இது தொழிலில் அடிக்கடி நேரும் தவறு. சட்டப் பிரிவு நமக்குச் சாதகம் என்பதற்காக மனு போடுவதற்கு முன், அது நிறைவேறினால் கடலில் என்ன ஆகும் என்று கப்பல்களின் இடத்தைக் குறித்துப் பார்க்கவேண்டும். தூதருக்குச் சட்டம் தெரியும், எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்பதை அட்டாஷேதான் சொல்லவேண்டும். இரண்டு தாளையும் ஒரே மேஜையில் வைக்காவிட்டால் இப்படித்தான்.

அதன் பிறகு காட்டிய சுறுசுறுப்பு பிரமாதம். டிசம்பர் 15 மாலை ஆஷ்வொர்த் என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பலைக் கிளப்பினார்கள். உருகுவே அதிகாரிகளிடம் தகவல் பதிவானது, 24 மணி நேரம் ஓட ஆரம்பித்தது. மறுநாள் மாலை டன்ஸ்டர் கிரேஞ்ச் கிளம்பியது. இன்னொரு 24 மணி நேரம். ஒரே நாளில் இரண்டு கப்பலையும் விட்டிருந்தால் இரண்டாவது வீண். ஒன்றின் கெடு முடியும் தறுவாயில் அடுத்தது போகவேண்டும். அதற்குச் சரக்கு ஏற்றி முடித்த கப்பல், ஆவி ஏற்றிய கொதிகலன், பைலட் (துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுபவர்), துறைமுக அனுமதி எல்லாம் அந்த மணிக்குத் தயாராக இருக்கவேண்டும். சொல்ல ஒரு வரி, செய்ய நாள் முழுக்க ஏஜென்ட் அலுவலகத்தில் தவம் கிடக்கவேண்டும்.

மறுபக்கம் ஜெர்மன் தூதர் ஓட்டோ லாங்மன் பழுது பார்க்க இரண்டு வாரம் கேட்டார். உருகுவே வெளியுறவு அமைச்சர் ஆல்பர்டோ குவானி, தன் நாட்டுத் தொழில்நுட்பக் குழுவைக் கப்பலுக்கு அனுப்பினார். இதுவும் பிரிவு 17-இன்படிதான். பீரங்கியைத் தொடக்கூடாது, சரி. முன்பக்க ஓட்டையை அடைக்கலாம், அதுவும் சரி. சமையலறை? ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்க முடியாத கப்பல் பத்திரமாகக் கடலில் போகக்கூடிய கப்பல்தானா? இந்த மாதிரிக் கேள்விகளில்தான் நாட்கள் கூடும், குறையும். குழு கொடுத்த கணக்கு 72 மணி நேரம். கெடு, டிசம்பர் 17 இரவு 8 மணி.

இப்போது இரண்டு கடிகாரத்தையும் சேர்த்து வையுங்கள். டன்ஸ்டர் கிரேஞ்ச் கிளம்பி 24 மணி நேரம் ஆவது 17 மாலை. உருகுவே கொடுத்த கெடு 17 இரவு 8. இடையில் கிடைத்தது சில மணி நேரம். 72 மணி நேரம் கொடுக்கப்பட்ட கப்பல் எந்த நேரத்தில் வெளியே வரும் என்று கரையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துபோனது. கப்பல் ஆறேகால் மணி சுமாருக்கு நங்கூரம் எடுத்தது.

இன்னொன்று. மேலே சொன்ன எதுவும் அந்த நான்கு நாளில் சம்பாதித்த செல்வாக்கால் நடக்கவில்லை. பிரிட்டிஷ் தூதர் யூஜின் மில்லிங்டன்-டிரேக் 1934 முதல் இங்கே இருந்தவர். யாரை எந்த நேரத்தில் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்று அவருக்குத் தெரியும். லாங்மனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மூன்றாம் நாள் – வடக்குக் கல்லறை

சிமென்டெரியோ டெல் நோர்டே நகரின் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. கிராஃப் ஸ்பேயில் இறந்தவர்களை 1939 டிசம்பர் 15-இல் இங்கே அடக்கம் செய்தார்கள். அந்தப் புகைப்படம் பலர் பார்த்திருக்கலாம்: சுற்றிலும் நாஜி பாணியில் கை நீட்ட, லாங்ஸ்டார்ஃப் மட்டும் பழைய கடற்படை வழக்கப்படி நெற்றிக்குக் கை வைத்து நிற்கிறார்.

வெளிநாட்டில் மாலுமி இறந்தால் வேலை அட்டாஷேயின் மேஜைக்குத்தான் வரும். உள்ளூர் இறப்புச் சான்றிதழ், உடலை இங்கேயே அடக்குவதா அனுப்புவதா என்ற முடிவு, அனுப்புவதென்றால் பதப்படுத்திய சான்று, மூடி முத்திரையிட்ட பெட்டி, சுங்கத் தாள். மரியாதை அணிவகுப்பு என்றால் இன்னொரு சிக்கல்: துப்பாக்கியோடு ஒரே ஒரு வீரர் கரையில் கால் வைக்கவும் அந்த நாட்டின் அனுமதி வேண்டும். வெற்றுத் தோட்டாதானே என்று நினைத்துக் கேட்காமல் விடுபவர்கள் துறைமுக வாசலில் மாட்டிக்கொள்வார்கள். சில இடங்களில் உள்ளூர் கடற்படையே சுடும் அணியைத் தந்து உதவும். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

இன்று இவ்வளவுதான்.

நான்காம் நாள் – ஆற்றின் மேல்

புவனோஸ் அயர்ஸ் படகு. எந்தப் பக்கமும் கரை தெரியாது, இருந்தும் இது ஆறுதான். பால் விட்ட டீ நிறத்தில் தண்ணீர். ஆழம் அநியாயத்துக்குக் குறைவு, கப்பல்கள் தோண்டிய கால்வாயில்தான் போகும். இங்கே ஏற்ற இறக்கத்தைக் கடலைவிடக் காற்று தீர்மானிக்கிறது. தென்கிழக்கிலிருந்து அடிக்கும் சுடெஸ்டாடா புவனோஸ் அயர்ஸ் பக்கம் தண்ணீரை ஏற்றிவிடும். வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் நீடித்து அடித்தால் தண்ணீர் வடிந்துபோகும். அட்டவணையில் போட்ட ஆழத்தை நம்பி வரும் கப்பல், காற்று திரும்பினால் சேற்றில் உட்காரும்.

லாங்ஸ்டார்ஃப் ஏன் ஜெர்மனியிடம் கொஞ்சம் மென்மையாக இருந்த புவனோஸ் அயர்ஸுக்கு ஓடவில்லை என்ற கேள்விக்கு இந்த ஆறு பாதிப் பதில் சொல்கிறது. ஆழம் குறைந்த கால்வாயில் என்ஜினைக் குளிர்விக்க இழுக்கும் தண்ணீரோடு சேறும் உள்ளே போய் அடைக்கும். அடைத்தால் நடு ஆற்றில் நிற்கவேண்டியதுதான். கடைசியில் அவர் கப்பலை மான்டிவிடியோவுக்கு வெளியே சில மைல் தள்ளி நிறுத்தி வெடிவைத்துத் தகர்த்தபோது, அடியில் ஆழம் இல்லாததால் மேல்தளம் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதனால் பிற்பாடு யாருக்கு லாபம் என்பதும் ஆறாம் நாளில்.

படகுப் பயணம் நீளமானது என்பதால், சமாதானக் காலத்தில் அட்டாஷேயின் பெரும் பொழுதை விழுங்கும் வேலையைப் பற்றி எழுதிவிடலாம்: தன் நாட்டுக் கப்பல் நட்பு நாட்டுத் துறைமுகத்துக்கு வருவது.

இரண்டு தாள். முதலாவது தூதரக அனுமதி. நோட் வெர்பால் என்ற தூதரகக் குறிப்பாக வெளியுறவு அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து பாதுகாப்பு அமைச்சகம், கடற்படை, துறைமுகம் என்று இறங்கும். பல நாடுகள் ஒரு மாத முன்னறிவிப்பு கேட்கும். கப்பலின் பெயர், எண், நீளம், அகலம், டிராஃப்ட் (தண்ணீருக்குள் அமிழும் ஆழம்), எடை, ஆள் எண்ணிக்கை, கேப்டன் பெயரும் பதவியும், வரும் போகும் நேரம், காரணம், ஹெலிகாப்டர் உண்டா, எந்த ரேடியோ அலைவரிசைகள், காவலுக்கு நிற்பவர்கள் ஆயுதம் வைத்திருப்பார்களா. ஹெலிகாப்டர் பறக்கத் தனி அனுமதி. கப்பலுக்கு அடியில் சொந்த நீச்சல்காரர்களை இறக்க இன்னொன்று. கப்பல் ஒரு நாள் தாமதமானால் எல்லாவற்றையும் திருத்தி அனுப்பவேண்டும். தேதியை மட்டும் ஃபோனில் சொல்லிவிட்டால் ஆச்சு என்று நினைப்பது புதியவர்களின் பிழை. கீழே துறைமுகத்தில் இருப்பவர் கையில் பழைய தாள்தான் இருக்கும்.

இரண்டாவது, கப்பலே அனுப்பும் தேவைப் பட்டியல். லாக்ரெக் என்பார்கள். பெர்த் (கப்பல் நிற்கும் இடம்), டக் (இழுவைப் படகு), பைலட், டீசல், குடிநீர், கரை மின்சாரம், கேங்வே (ஏறி இறங்கும் பாலம்), ஃபெண்டர் (கரையில் உரசாமல் காக்கும் மெத்தை), குப்பை, கழிவுநீர், கார், கிரேன். இதில் மூன்று இடத்தில் நிச்சயம் தகராறு வரும்.

ஒன்று, டிராஃப்ட். முன்முனைக்கு அடியில் சோனார் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி) குமிழ் தொங்கும் கப்பல்களுக்கு இரண்டு எண் உண்டு: உடலின் டிராஃப்ட், குமிழின் அடிவரை உள்ள டிராஃப்ட். விளம்பரத் தாளில் இருக்கும் முதல் எண்ணைத் துறைமுகத்துக்குக் கொடுத்துவிட்டால், மிதக்கும்போதே குமிழ் தரையைத் தட்டும். எப்போதும் ஆழமான எண்ணையே கொடுக்கவேண்டும், அதோடு எந்தக் காற்றில் எவ்வளவு தண்ணீர் குறையும் என்று உள்ளூர் பைலட்டிடம் நேரில் கேட்கவேண்டும். இந்த ஆற்றில் இரண்டாவது கேள்வி முதலாவதைவிட முக்கியம்.

இரண்டு, மின்சாரம். போர்க்கப்பல்கள் பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உருகுவேயும் அர்ஜென்டினாவும் 50 ஹெர்ட்ஸ். 60-க்குச் செய்த மோட்டாரை 50-இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைக்காவிட்டால் சூடேறிக் கருகும். அதிர்வெண் மாற்றி கிடைக்குமா என்று முன்பே கேட்கவேண்டும். கிடைக்காது என்றால் கப்பலின் ஜெனரேட்டர் நாள் முழுக்க ஓடும். அதற்கான டீசலையும் பட்டியலில் சேர்க்கவேண்டும், புகையும் சத்தமும் வரும் என்று பக்கத்து பெர்த்துக்கும் சொல்லிவைக்கவேண்டும்.

மூன்று, தண்ணீர். 250 பேர், ஆளுக்கு நாளுக்கு 150 லிட்டர் என்று வைத்தால் முப்பத்தேழரை டன். கரையில் தண்ணீர் இருக்கும், குழாயும் இருக்கும், இரண்டையும் இணைக்கும் முனை மட்டும் பொருந்தாது. முனையின் படத்தை அளவோடு முன்னதாக வாங்கி, பொருந்தும் அடாப்டரை ஏஜென்டிடம் செய்யச் சொல்லிவிடுவது கெட்டிக்காரத்தனம்.

மரியாதை குண்டு 21. கரையிலிருந்து ஒன்றுக்கு ஒன்று பதில் வரவேண்டும். பதில் சொல்லும் பீரங்கி இல்லாத துறைமுகத்தில் சுட்டால் இரு தரப்புக்கும் சங்கடம். அதையும் முன்பே கேட்டுக்கொள்வதுதான் அட்டாஷே வேலை.

ஐந்தாம் நாள் – புவனோஸ் அயர்ஸ்

இந்த ஊருக்கும் மான்டிவிடியோவுக்கும் இடையே நடந்த ஒரு தொலைபேசி உரையாடல் கப்பல் வரலாற்றில் இடம் பிடித்தது. அர்ஜென்டினாவின் புவெர்டோ பெல்கிரானோ கடற்படைத் தளத்தில் இரண்டு பெரிய பிரிட்டிஷ் கப்பல்களுக்கு எரிபொருள் வேண்டும் என்று, மறைகுறி எதுவும் இல்லாத சாதாரண லைனில் பேச்சு. ஒட்டுக்கேட்கப்படும் என்று தெரிந்தே பேசியது. நடுநிலை நாட்டில் எரிபொருள் கேட்பது பிரிவு 19-இன்படி உரிமை, ஆகவே சட்டப்படி குற்றம் ஒன்றுமில்லை. ஊருக்குள் செய்தி பரவியது. ஆர்க் ராயலும் ரினவுனும் அருகே வந்துவிட்டன என்று லாங்ஸ்டார்ஃப் நம்பினார். உண்மையில் அவை 17-ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தன.

இதை எல்லோரும் பொய்ச் செய்தியின் வெற்றி என்று எழுதுவார்கள். செய்தி தனியாக நின்றிருந்தால் எடுபட்டிருக்காது. தொடுவானத்தில் ஒரு பெரிய கப்பலைப் பார்த்ததாகக் கிராஃப் ஸ்பேயின் அதிகாரியே சொன்னார்; பிரிட்டிஷார் தாமதப்படுத்துகிறார்கள் என்பதும் தெரிந்தது. யாரோ பெரியவர் வருகிறார் என்ற முடிவுக்கு அவரே போய்ச்சேர்ந்தார், ஃபோன் அதை உறுதிப்படுத்தியது, அவ்வளவே.

இனி இந்தப் பதவியைப் பற்றி. 1961 வியன்னா உடன்படிக்கையில் தூதரக ஊழியர்களை அனுப்பும் நாடு தன் விருப்பப்படி நியமிக்கலாம். முப்படை அட்டாஷேக்களுக்கு மட்டும் விதிவிலக்கு: பிரிவு 7-இன்படி பெயரை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்கச் சொல்ல ஏற்கும் நாட்டுக்கு உரிமை உண்டு. ஒப்புதல் வராமல் வீடு காலி செய்து, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் திண்டாட்டம். இந்தியா போன்ற காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அட்டாஷே என்று சொல்லாமல் ஆலோசகர் என்பார்கள். வேலை ஒன்றுதான்.

பெரும்பாலும் கமாண்டர் அல்லது கேப்டன் பதவியில் இருப்பவர்கள், மூன்று ஆண்டு சுமாருக்கு. இரண்டு எஜமானர்கள்: தூதரும் தன் கடற்படைத் தலைமையகமும். தலைமையகத்துக்கு அனுப்பும் அறிக்கை தூதருக்குத் தெரியாமல் போனால் ஆறு மாதத்தில் உறவு கசந்துவிடும். எதைப் பார்க்கலாம் என்பதற்கு வியன்னா உடன்படிக்கையின் பிரிவு 3 எல்லை வகுக்கிறது: சட்டபூர்வமான எல்லா வழிகளிலும். அணிவகுப்பு, கப்பல் கண்காட்சி, பட்ஜெட் தாள், பத்திரிகை, விருந்து, துறைமுகக் கரையில் மாலை நடை எல்லாம் சரி. வேலிக்கு உள்ளே காமிரா நீட்டினால் பிரிவு 9, காரணம்கூடச் சொல்லாமல் நாடு திரும்பச் சொல்வார்கள்.

அறிக்கையில் கண்டது, கேட்டது, யூகித்தது மூன்றையும் பிரித்து எழுதவேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் உருவான ஒரு குறிமுறை இன்றும் பல படைகளில் நடக்கிறது. தகவல் தந்தவரின் நம்பகத்துக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, தகவலின் நம்பகத்துக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். இரண்டையும் தனித்தனியாகப் போடவேண்டும் என்பதுதான் சூட்சுமம். நல்ல மனிதர் தப்பான செய்தியும் கொண்டுவருவார், அயோக்கியன் சரியான செய்தியும் கொண்டுவருவான்.

பதவி மாற்றத்தில்தான் பெரிய சேதம். போகிறவரும் வருகிறவரும் இரண்டு வாரமாவது சேர்ந்து இருந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் சேர்ந்தே போய் அறிமுகம் ஆகவேண்டும். பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அந்தப் பெயர்களுக்கு மதிப்பில்லை.

ஒரு கிளைக்கதை. சண்டையில் இருந்த அக்கிலீஸை 1948-இல் இந்தியா வாங்கி டெல்லி என்று பெயர் வைத்தது. 1950-இல் நேரு இந்தோனேசியாவுக்குப் போனது அந்தக் கப்பலில்தான். இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவர் ஆர். டி. கட்டாரி, செங்கல்பட்டில் பிறந்தவர். ஓய்வுக்குப் பிறகு பர்மாவில் இந்தியத் தூதராக இருந்தார். கடற்படையிலிருந்து தூதுவேலைக்குப் போகும் பாதை அட்டாஷே நாற்காலியோடு முடிவதில்லை.

ஆறாம் நாள் – சக்கரீட்டா

சப்வே பி லைனில் ஃபெடரிக்கோ லாக்ரோஸ் ஸ்டேஷன். வெளியே வந்தால் சக்கரீட்டா கல்லறை. ஜெர்மன் கல்லறையும் பிரிட்டிஷ் கல்லறையும் பக்கத்துப் பக்கத்தில். லாங்ஸ்டார்ஃப் ஜெர்மன் பகுதியில் இருக்கிறார். கப்பலைத் தகர்த்து ஆட்களைப் பத்திரமாக இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்து, தூதருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, டிசம்பர் 20 விடிவதற்குள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்ற சிதைவை, ஒரு மான்டிவிடியோ வியாபாரியை முன்னால் நிறுத்தி பிரிட்டன் விலைக்கு வாங்கியது. 14,000 பவுண்டு. பழைய இரும்புக்கு அந்த விலை அதிகம். வாங்கியது தூரமானிக்கு மேலிருந்த அந்த மெத்தைச் சட்டத்துக்காக. ரேடார் நிபுணர் ஒருவர் வந்து ஏறிப் பார்த்து எழுதிய அறிக்கை, ஜெர்மன் கப்பல்களில் ரேடார் இருப்பதற்குக் கையில் கிடைத்த சாட்சி. கரையிலிருந்து எடுத்த சாதாரணப் புகைப்படங்களிலேயே அந்தச் சட்டம் தெரிந்தது. அது என்ன என்று கேட்க ஆள் இருந்ததுதான் விஷயம்.

கப்பலின் ஆட்களை அர்ஜென்டினா காவலில் வைத்தது. ஒவ்வொருவராக அதிகாரிகள் மறைய ஆரம்பித்தார்கள். இந்த வேலை ஜெர்மன் அட்டாஷே நீபுரின் பக்கம். நடுநிலை நாட்டின் காவலிலிருந்து ஆளைக் கடத்துவது சட்டபூர்வமான வழி என்ற வேலியைத் தாண்டியது, ஆனாலும் தன் கடற்படைக்கு அவர் செய்த பெரிய உதவி இதுதான். பயிற்சி பெற்ற அதிகாரியைப் புதிதாக உருவாக்க ஆண்டுகள் ஆகும். வழிகாட்டி அதிகாரி யூர்கன் வாட்டன்பெர்க் ஜெர்மனிக்குத் திரும்பி நீர்மூழ்கி யு-162-இன் கேப்டன் ஆனார். தலைமைப் பீரங்கி அதிகாரி பால் ஆஷரும் திரும்பினார். அவரைப் போட்டது பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில், அட்மிரலின் அலுவலகத்தில்.

1941 மே 20 அன்று ஸ்வீடன் கடற்கரையோரம் பிஸ்மார்க்கும் இன்னொரு பெரிய போர்க்கப்பலும் துணைக் கப்பல்களோடு வடக்கே போவதை காட்லாண்ட் என்ற ஸ்வீடன் குரூசர் பார்த்தது. செய்தி ஸ்வீடன் உளவுத்துறையிலிருந்து ஸ்டாக்ஹோமில் இருந்த நார்வே ராணுவ அட்டாஷே ராக்ன்வால்ட் ரோஷர் லுண்டுக்குப் போனது. நாடு ஜெர்மனியிடம் விழுந்து ஓராண்டு ஆகியிருந்தது, அவர் மட்டும் பதவியில் இருந்தார். அவர் பிரிட்டிஷ் நேவல் அட்டாஷே ஹென்றி டென்ஹாமிடம் சொன்னார். டென்ஹாம் அன்று இரவே லண்டனுக்குத் தந்தி கொடுத்தார். ஒரு வாரத்தில், மே 27 அன்று, பிஸ்மார்க் மூழ்கியது. ஆஷர் அதோடு போனார்.

டென்ஹாம் அந்தத் தந்திக்குப் போட்ட தரக்குறி பி 3: ஆள் பொதுவாக நம்பத்தக்கவர், செய்தி உண்மையாக இருக்கலாம்.